நாற்காலியில் வருபவர்கள்

சாப்பாட்டுக் கூடத்துக் கரும்பலகையில்
அன்றைக்கு யாருடைய நினைவு நாளோ
அவர் பெயர் இருக்கும்.
ஸ்டெல்லா டீச்சரின் சாய்ந்த கையெழுத்து,
'அமரர்' மட்டும் மஞ்சள் சாக்பீஸில்.
அந்தப் பெயர்களில்தான்
நான் எழுத்துக் கூட்டப் பழகினேன்.

நாகமலை அடிவாரத்தில் எங்கள் விடுதி.
மலை ராத்திரியில் புரண்டு படுக்கும் என்று
பெரிய பிள்ளைகள் பயம் காட்டுவார்கள்.
நாற்பத்தொரு டிரங்குப் பெட்டிகள்.
என்னுடையது இருபத்தேழு.
பாவாடையின் உள்மடிப்பில், தட்டின் அடியில்,
தலையணை உறையின் மூலையில்
இருபத்தேழு.

வேனில் வருவார்கள்.
முதலில் அண்டாக்கள் இறங்கும், பிறகு புகைப்படம்.
சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்த்து,
மாலையைச் சரிசெய்து,
பந்திக்கு எதிரே வைப்பார்கள்,
நாங்கள் சாப்பிடுவதை அவர் பார்க்கும்படி.
ஒரு நிமிடம் கண்ணை மூடச் சொல்வார் டீச்சர்.
நான் இடது கண்ணைத் திறந்து
வடையை எண்ணுவேன்.

எங்களுக்கென்று ஒரு காலண்டர் இருந்தது.
ஆடியில் ஆறு பேர்.
தை பிறந்தால் டாக்டரின் மாமியார், பருப்புப் பாயசம்.
அக்டோபர் இருபத்தெட்டு
விளக்குத்தூண் நூல்கடை துளசிராம்,
இலைக்கு இரண்டு பாதாம் அல்வா.
நாடிக்குக் கை கொடுத்த படம்,
மணிக்கட்டில் சதுரக் கடிகாரம்.
ஜூன் மாதத்தில் யாருமே இறந்திருக்கவில்லை.
ஜூன் முழுக்க ரவை உப்புமா.

உயிரோடு இருப்பவர்களின் பிறந்தநாள்
எங்களுக்குப் பிடிக்காது.
கேக் உண்டுதான்.
ஆனால் கை தட்ட வேண்டும், பாட வேண்டும்,
அவர்கள் பிள்ளை ஊட்டும் துண்டை
வாயைத் திறந்து இரண்டு தடவை வாங்க வேண்டும்.
முதல் தடவை போட்டோ ஆடிவிட்டதாம்.
செத்தவர்கள் தேவலை.
சிரிக்கச் சொல்ல மாட்டார்கள்.

பேச்சியை அவள் அம்மா
மாதத்தின் இரண்டாம் ஞாயிறு பார்க்க வருவாள்,
செக்கானூரணி பஸ்ஸில், காரச்சேவுப் பொட்டலத்தோடு.
பிறகு சில ஞாயிறுகள் வரவில்லை.
பிறகு ஒருநாள் டீச்சர்
பேச்சியை மட்டும் ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டார்.
திரும்பி வந்தவள் பெட்டியைத் திறந்தாள், மூடினாள்,
"நாளைக்கு என்ன கெழம" என்றாள்.

சரியாக ஒரு வருடம் கழித்து
கரண்ட் போயிருந்த ஒரு ராத்திரி
சிவப்பு நாற்காலியை எடுத்து வரச் சொன்னாள்.
மாமா கொடுத்தனுப்பிய பழைய ரேஷன் கார்டிலிருந்து
வெட்டியெடுத்த படம், கட்டைவிரல் நகம் அளவு.
நிற்கவில்லை. தம்ளரில் சாய்த்தோம்.
காலையில் ஒளித்துவைத்த ஒரே ஒரு இட்லியை
விண்டு விண்டு பதினொரு பேருக்குக் கொடுத்தாள்.
போர்டில் பெயர் எழுதணும் என்றாள்.
"ஒங்கம்மா பேரு என்னடி?"
"அம்மாதான்" என்றாள்.
அப்புறம் வெகுநேரம் யோசித்து
"ஒச்சம்மா."
மஞ்சள் சாக்பீஸ் இருட்டில் அகப்படவில்லை.
அன்றைக்கு நான்
இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டேன்.

இப்போது எனக்கு மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் வேலை.
வீட்டு வரி, பெயர் மாற்றம், மூன்றாம் கவுண்டர்.
இருபத்திரண்டு வருடம் கழித்து
அப்பாவின் பெயரைத் தன் பெயருக்கு மாற்ற
ஒருவர் வந்தார்.
இறப்புச் சான்றை வீட்டில் மறந்துவிட்டார்.
"தேதியாவது சொல்லுங்க."
"அக்டோபர்ல... கடைசி வாக்குல..."
"இருபத்தெட்டு" என்றேன்.
நிமிர்ந்து பார்த்தார்.
"அப்பாவத் தெரியுமா ஒங்களுக்கு?"
கவுண்டர் பலகைமேல் அவர் கை.
சதுரக் கடிகாரம், வார் மட்டும் புதிது.
"சாப்பிட்டிருக்கேன்" என்றேன்.

அவருக்குப் புரிந்ததா, தெரியவில்லை.
பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது.
படிவத்தில் 'உறவுமுறை' என்ற கட்டம்
காலியாக விடப்பட்டிருந்தது.
அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன்.
பேனா கேட்டார்.
கொடுத்தேன்.