காந்தம்

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு கெத்தின் வருகிறான்.
வயது பதினாறு. காலணி அளவு பதினொன்று.
ஞாயிறு இரவு, கார்மார்த்தனில் மழை.
ரொட்டிக்கடையின் மாடியில்
படிவம் நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.

பயிற்சிப் பையன் வாசலை மிதிப்பதற்கு முன்பே
முதலாளி யோசித்து எழுதிவைக்க வேண்டும்:
இங்கே அவனை எதெல்லாம் காயப்படுத்தும்,
அதற்கு நான் என்ன செய்திருக்கிறேன்.
செய்யப்போகிறேன் அல்ல.
சட்டத்துக்கு வினைமுற்று வேண்டும்.
என்னிடம் இருப்பதெல்லாம் எச்சம்.

அடுப்பு, இருநூற்று முப்பது டிகிரி.
முழங்கை வரை கையுறை, புதிது, என் செலவில்.
அவன் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது.
(ரோட்ரியிடம் பிடித்தேன், ஒருமுறை.)
மாவுத் தூசிக்கு உறிஞ்சும் விசிறி.
வடிகட்டி மாற்றிய தேதியைத் தேட அரை மணி நேரம்.
இருபத்தைந்து கிலோ மூட்டையைத் தனியாகத் தூக்கவிடமாட்டேன்.
நள்ளிரவிலிருந்து நாலு மணி வரை அவனுக்கு வேலை கிடையாது.
இதுவரை பேனா தயங்கவில்லை.

பிறகு அந்தக் கேள்வி.
அனுபவமின்மையைக் கணக்கில் எடுத்தீர்களா?
ஆபத்து எது என்றே தெரியாத வயதை?
இன்னும் முழுசாக வளர்ந்துமுடியாததை?

பதினாறைத் திட்ட எத்தனை சொல் வைத்திருக்கிறோம்.
விளையாட்டுப் புத்தி. அவசரக்குடுக்கை.
ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுகிறவன்.
அத்தனையையும் பொறுக்கியெடுத்து
சட்டம் என் கணக்கில் பற்று எழுதுகிறது:
அவன் மறப்பான் என்று உனக்குத் தெரியும்.
தெரிந்துவிட்டதால் அது உன் வேலை.

மாவு பிசையும் இயந்திரம், என்று எழுதினேன்.
காப்பு மூடி, உண்டு.
மூடியைத் திறந்தால் சுழற்சி நிற்குமா?

குளிர்பெட்டியில் ஒட்டுகிற சிவப்பு டிராகன் காந்தம்,
சந்தையில் ஒரு பவுண்டுக்கு வாங்கியது,
ஆறு வருடமாக அந்த உணர்கருவியின் மேல் உட்கார்ந்திருக்கிறது.
மூடி மூடித்தான் இருக்கிறது என்று
இயந்திரத்திடம் பொய் சொல்லிக்கொண்டு.
ஒரு கலவைக்கு நாற்பது வினாடி மிச்சம்.
வைத்தது நான்.

விபத்துப் பதிவேட்டை இழுத்தேன்.
நான்கு வருடம் முந்தைய மார்ச். ரோட்ரி. வலது மணிக்கட்டு.
காரணம் என்ற கட்டத்தில் என் கையெழுத்து:
கவனக்குறைவு.
யாருடையது என்று எழுதவில்லை.
எழுதாததால் அது அவனுடையதாயிற்று.
அவனும் மறுக்கவில்லை.

செருப்பு மாட்டாமல் கீழே இறங்கினேன்.
டிராகன் மாவு படிந்து வெளுத்திருந்தது.
நகத்தால் நெம்பினேன், பிடி விடவில்லை,
பிறகு சட்டென்று கையோடு வந்தது.
மூடியைத் திறந்து பொத்தானை அழுத்தினேன்.
ஒன்றும் நடக்கவில்லை.
மறுபடி அழுத்தினேன்.
ஒன்றும் நடக்காததை
இவ்வளவு நேரம் நின்று நான் பார்த்ததில்லை.

நிற்கும், என்று மேலே வந்து எழுதினேன்.
மேற்பார்வையாளர் என்ற இடத்தில் ரோட்ரி என்று எழுதி
அடித்தேன். அவனைக் கேட்கவில்லையே.

நாலு மணிக்கு அவன் கீழேயிருந்து கத்தினான்,
மெஷின் கெட்டுப்போச்சு என்று.
இல்லை, சரியாகிவிட்டது, என்றேன்.
உணர்கருவியின் மேல், மாவு படியாத
டிராகன் வடிவத்துச் சின்ன இடத்தைப் பார்த்தான்.
பதிவேட்டை அவன் முன்னால் விரித்தேன்.
'கவனக்குறைவு'க்கு முன்னால் 'என்' என்று சேர்த்து
தேதி போட்டிருந்தேன்.
படித்தான். கையைத் துடைத்துக்கொண்டான்.
"இதுக்கு நாலு வருஷமா?" என்றான்.
மூடியை மூடி, நாற்பது வினாடி காத்திருந்தான்.
மேற்பார்வை பற்றிக் கேட்டேன்.
"அதுக்குத் தனி சம்பளம்" என்றான்.
சரிதான்.

ஆறு மணி. மணி அடித்தது.
வாசலில் கெத்தின், நனைந்த தலை, கான்வாஸ் ஷூ.
நான் வாங்கிவைத்த பாதுகாப்புக் காலணியில்
குதிகால் நுழையவில்லை.
பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். பத்து.
படிவத்தில் சரியாக எழுதி
கடையில் தப்பாக வாங்கியிருக்கிறேன்.

"பரவாயில்லை, இதோடவே வரேன்" என்று
ஒரு காலை உள்ளே வைத்தான்.
வேண்டாம், என்றேன்.
காலணிக்கடை திறக்க மூன்று மணி நேரம்.
மூன்று மணி நேரச் சம்பளத்தோடு
அவனை வாசல் பக்கத்து ஸ்டூலில் உட்காரவைத்தேன்.