வெள்ளி

ஹாடோஸ் ரோட்டு அலுவலகத்தில்
என் பெயருக்குக் கீழே எழுதினார்கள்:
வெளிநாட்டவர். வளர்மதியின் கணவர்.
தொழில் என்ற கட்டத்தில் ஒரு கோடு.
கோட்டை நான்தான் போட்டேன்,
பேனா அவர்களுடையது.

கிள்ளானில் பதினேழு வருடம்
ஏசிப் பெட்டிகளுக்கு நாடி பிடித்தவன்.

"தமிழ் நல்லாப் பேசுறீங்களே" என்றார் அதிகாரி.
"வீட்டில் பேசுவோம்" என்றேன்.
வேறென்ன சொல்ல?
வெள்ளி வாங்க என்றார்.
எங்கள் ஊரில் வெள்ளி என்றால் பணம்.
இங்கே அது ஒரு கிழமை,
அதுவும் எப்போதும் அடுத்த வாரத்தது.
29சியில் ஜன்னலோரம் கிடைத்தது.
பெரம்பூர் போகும் எல்லோரும்
ஏதோ ஒரு வேலையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

காலை ஆறேகாலுக்கு வளர்மதி
ரயில்வே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவாள்.
சர்க்கரை டப்பாவுக்கு அடியில்
இருநூறு ரூபாய் இருக்கும்,
நான் கேட்காமல் இருப்பதற்காக.
அவள் வைப்பதை நான் பார்ப்பதில்லை.
நான் எடுப்பதை அவள் பார்ப்பதில்லை.

கல்யாணம் நிஜம்தான் என்று காட்ட
படங்கள் கேட்டார்கள்.
மாலையோடு ஒன்று, மெரினாவோடு ஒன்று, மாமனாரோடு ஒன்று.
அந்தச் சர்க்கரை டப்பாவைப் படமெடுத்துக்
கொடுத்திருக்கலாம்.

தம்பி குமரேசன் கிள்ளானிலிருந்து கூப்பிடுவான்.
"பசியாறிட்டியாண்ணே? வேலையெல்லாம் எப்படி?"
முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுவேன்.

ஏப்ரல் வந்தது.
அயனாவரம் முழுக்க ஏசிகள் இருமின.
தெருவில் நடந்தாலே எனக்குக் கேட்கும்,
எதில் கேஸ் இறங்கிவிட்டது,
எதன் கெப்பாசிட்டர் இன்றிரவு தாங்காது,
எதற்குள் பல்லி செத்துக் கிடக்கிறது என்று.
கை கட்டிய வைத்தியன்
நோயாளிகள் தெருவில் காய்கறி வாங்கப் போவது போலப்
போய் வந்தேன்.

மூன்றாவது மாடி ரெஜினா அக்கா வீட்டில்
கைக்குழந்தை வேர்க்குருவோடு அழுதது.
போய்ப் பிரித்துப் பார்த்தேன்.
ஐந்நூறை நீட்டினார்.
என் கை தானாக முதுகுக்குப் பின்னால் போயிற்று.
"காசு வாங்கினா என்னைத் திருப்பி அனுப்பிருவாங்கக்கா."
சிரித்தார்.
பிறகு சிரிக்கவில்லை.
மறுநாள் ஒரு தூக்கு நிறைய வஞ்சிர மீன் குழம்பு.

அப்புறம் கட்டிடம் முழுக்கத் தெரிந்துபோனது:
மலேசியாக்காரர் சும்மாவே செய்வார்.
சுரைக்காய் வந்தது. புளியோதரை வந்தது.
யாரோ பையனுக்குச் சின்னதாகிப்போன கிரிக்கெட் சட்டை
எனக்குப் பெரியதாக இருக்கும் என்று வந்தது.
ஒருவர் "கடவுள் பாத்துக்குவார்" என்பதை மட்டும் தந்தார்.

இரவு குழம்பை ருசித்துவிட்டு வளர்மதி கேட்டாள்,
"இது கூலியா, பிரியமா?"
நான் முள் எடுத்துக்கொண்டிருந்தேன்.
நெடுநேரம் எடுத்தேன்.

செப்டம்பரில் ஒரு மத்தியானம் மின்னஞ்சல் வந்தது.
குடும்ப மனு இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.
அது முடியும்வரை வேலை பார்க்கலாம்,
மார்ச் முப்பத்தொன்று வரை.
இரண்டு முறை படித்தேன்.
ஏசிக்காரனுக்கு
மழைக்கும் பனிக்கும் அனுமதி;
வெயில் வரும்போது முடிந்துவிடும்.
சிரிப்பு வந்தது. நைட் டூட்டி முடித்து
வளர்மதி தூங்கிக்கொண்டிருந்தாள்.
எழுப்பவில்லை.
சர்க்கரை டப்பாவைத் தூக்கிப் பார்த்து
அப்படியே வைத்தேன்.

சாயங்காலம் ரெஜினா அக்கா கூப்பிட்டார்.
தண்ணீர் சொட்டுகிறதாம், சுவரெல்லாம் ஈரம்.
குழாயை ஊதினேன், தட்டைக் கழுவினேன்.
நாற்பது நிமிடம்.
ஸ்டூலிலிருந்து இறங்கிக் கை துடைத்தேன்.
நானூற்றைம்பது என்று சொல்ல வேண்டும்.
கிள்ளானில் வாசற்கதவு திறந்ததுமே
விலை சொல்லிய வாய்
இப்போது பாதி திறந்து நின்றது.
அக்கா அதற்குள் சமையலறைப் பக்கம் திரும்பி
தூக்கைத் தேடத் தொடங்கியிருந்தார்.

"அக்கா" என்றேன்,
"இன்னைக்குக் குழம்பு வேணாம்."