பத்து ஆம்பியர்

மூன்று நாளாய் ஃபியூஸ் போகவில்லை.
ஓனர் பையன் மாட்டிய
முப்பத்திரண்டு ஆம்பியர் டிரிப்பர்.
சூளைமேட்டு மே மாத இரவில்
தவணை முடியாத ஏசியும்
தண்ணி மோட்டாரும் ஒரே ஒயரில்.

காலண்டர் ஆணிக்குப் பக்கத்தில்
சுவருக்குக் காய்ச்சல்.
முதலில் என் கைதான் என்று நினைத்தேன்.

அன்வர்தீன் பெட்டியைத் திறந்து
ஒரு முழம் உருவினார்.
ஒரு எம்.எம். ஒயர்,
சிவப்புத் தோல் கருகி
முறுக்காய் ஒடிந்தது.
"ஒயரு சாவறதுக்கு முன்ன
ஃபியூஸ் சாவணும்மா.
இது ஒயரக் கொன்னுட்டு
உயிரோட நிக்கும்."

புது ஒயர், பழையபடி பத்து ஆம்பியர்.
ஏசிக்குத் தனி லைன், நாலு எம்.எம். என்றதற்கு
ஆடி கழியட்டும் என்றார் ஓனர்.

இன்று பதினொன்றேகால்.
டக்.
இருட்டில் வேர்த்தபடி
சுவரைத் தொடுகிறேன்.
வெறும் வெயில் சூடு.