சீரகம்

பயிற்சிப் பள்ளியில் இவனுக்கு வைத்த பெயர் க்யூமின்.
அந்த ஈற்றில் பிறந்த ஏழுக்கும் மசாலாப் பெயர்களாம்,
டான்யா சொன்னாள்.
மூன்றாம் நாள் நான் சீரகம் என்றேன்.
காது நிமிர்ந்ததா, தெரியாது.
வால் என் முழங்காலில் இரண்டு முறை அடித்தது.

குதைபியாவில் அதிகாலை நாலரை.
காற்று இன்னும் பிழியாத துணி.
பத்தடி பின்னால் வருகிறாள் டான்யா,
பேசாமல் வருவதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.
சேணத்தின் பிடி என் இடக்கையில்.
ஹேசலின் பிடி இதைவிட நாலு விரல் தாழ்வு.
ஒன்பது வருடம் அந்த உயரத்தில் பழகிய கை
இல்லாத படியில் கால் வைத்ததுபோல்
ஒவ்வொரு திருப்பத்திலும் தடுமாறுகிறது.

இந்தத் தெருவை நான் சொட்டுகளால் அறிவேன்.
முதல் ஏசி சொட்டுவது தகரத்தில்,
அடுத்தது யாரோ மறந்த பெயிண்ட் வாளியில்,
மூன்றாவது என் தலையில்.
அப்புறம் ஈரானி ரொட்டிக்கடை அடுப்பு,
இஸ்திரிக் கடையின் ஆவி,
கோல்டு ஸ்டோர் கதவு திறந்தால்
கணுக்காலில் ஒரு மார்கழி.
ஹேசலுக்கு எல்லாம் மனப்பாடம்.
இவனுக்குப் பூனைகள்தான் தெரியும்.

குப்பைத்தொட்டிக்கு எட்டுப் பூனை.
சேணம் லேசாக வலப்பக்கம் வளைகிறது.
விடு என்கிறேன்.
விடுகிறான், மனமில்லாமல்.
அந்த மனமில்லாமையும்
பிடி வழியாக என் கைக்கு வந்துவிடுகிறது.

வாட்ச்மேன் ஷஃபிகுல்
முதல் வாரம் லிஃப்டில் ஏற விடவில்லை.
லைசென்ஸைக் காட்டினேன். தலைகீழாகக் காட்டினேனாம்.
இப்போது எனக்கு ஒரு சலாம், இவனுக்கு இரண்டு.
எதுவும் போடாதே என்று டான்யா கைகூப்பிச் சொல்லியும்
இவன் வாயில் எள்ளு ரொட்டி வாசனை.

நடைபாதையில் ஏற்றி நிறுத்திய பிக்கப்பின் கண்ணாடி
என் தோளில் மோதியது.
தன் உடம்புக்கு வழி பார்த்தவன்
என் அகலத்தை இன்னும் படிக்கவில்லை.
பின்னால் போய், கண்ணாடியைத் தட்டிக் காட்டி,
மறுபடி வந்தோம். மறுபடி தட்டி, மறுபடி வந்தோம்.
உள்ளே டிரைவர் தூங்குவது
நாலாவது தட்டலில்தான் தெரிந்தது.

பதினோராம் நாள்.
உங்கள் ஆபீஸ் நாலரைக்கா திறக்கிறது,
வெயிலிலும் பழக வேண்டும் என்றாள்.
மே மாதம், காலை ஒன்பது.
நாலு ரப்பர் காலணிகளையும் நானே மாட்டினேன்.
டக் டக் டக் டக்.
பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் மேடையேறுகிற பையன் மாதிரி நடந்தான்.
சிரித்தபடியே சிக்னலைத் தாண்டினேன்.
டான்யா அந்தப் பக்கமே மாட்டிக்கொண்டாள்.

இந்தப் பக்கம் ஏறியதும் நின்றுவிட்டான்.
போ என்றேன்.
நின்றான்.
ஃபார்வர்ட் என்றேன், அவன் படித்த மொழியில்.
நின்றான்.
காலால் துழாவினேன். குழியில்லை, படியில்லை, கம்பியில்லை.
ஹேசல்! என்று கத்திவிட்டேன்.

யாரோ ஒரு பெண்மணியின் நடை என்னருகே தயங்கி,
விலகிப் போனது.

அப்போதுதான் காதில் விழுந்ததை எண்ணினேன்.
ரோட்டைக் கடக்கும்போது, பாதிக்குப் பிறகு,
டக் டக் டக்.
நாலாவது இல்லை.

மண்டியிட்டுக் கால்களைத் தடவினேன்.
இடது முன்னங்கால் காற்றில் இருந்தது.
புறங்கையைத் தாரில் வைத்தேன்.
மூன்று எண்ணுவதற்குள் எடுத்துவிட்டேன்.
பாதி ரோடு இந்தக் காலோடுதான்
என்னைக் கொண்டு வந்திருக்கிறான்,
வளையாமல், அவசரப்படாமல்,
பிடியில் ஒரு சொல்லும் அனுப்பாமல்.

அந்தப் பக்கம் ஹாரன்களுக்கு நடுவே டான்யா
செருப்பு செருப்பு என்பதை
இந்தியில் சொல்லத் தெரியாமல் கத்துகிறாள்.

எழுந்து, பாதத்தைத் தூக்கி
என் ஷூவின் மேல் வைத்தேன்.
எடுத்துவிட்டான்.
மறுபடி வைத்தேன்.
சிக்னலில் ஆட்கள் ஒருமுறை கடந்து போனார்கள்,
இன்னொரு முறையும்.
சீரகம் என்றேன்.
வால் அசையவில்லை.
ஷூவின் மேல் எடை மட்டும்
இன்னும் கொஞ்சம் கூடியது.