பெட்டிசத்தின் பின்பக்கம்

ஆறு பாகம். ஒவ்வொன்றும் அம்மிக் குழவிக் கனம்.
திருநெல்வேலி நூலகத்தில் இரண்டாம் பாகம் மட்டும் உண்டு,
முதுகு பிரிந்து, வாழைநாரால் கட்டியபடி.
மிச்சம் ஐந்தும் என் தொலைபேசிக்குள்
மங்கல் படங்களாய் நித்திரை கொள்கின்றன.
பழைய அச்சில் ஓர் எழுத்து இன்னோர் எழுத்தைப் போல் நிற்கும்.
முதல் மாதம் முழுக்க
'தன்னுடைய' என்ற சொல்
என் கண்ணில் படவேயில்லை.

பகலில் நான் கச்சேரியில் மொழிபெயர்ப்பாளர்.
தமிழில் வரும் பெட்டிசத்தைச் சிங்களமாக்கி மேலே விடுவேன்.
சிங்களத்தில் வரும் பதிலைத் தமிழாக்கிக் கீழே விடுவேன்.
இரவில், மின்விசிறி நின்ற பிறகும்,
எழுநூறு வருசம் தள்ளிப் போய்
இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் வேலை.
சம்பளமில்லை. ஆய்வேடு என்று பெயர்.

அங்கேதான் ஆக்னெஸைக் கண்டேன்.
விதவை. ஊர்ப்பெயரில் பாதியை எலி தின்றுவிட்டது.
பிரபுவின் ஆட்கள் அவளுடைய
இரண்டு உழவெருதுகளைக் கொண்டுபோனார்கள்.
அரசனுக்கும் அவையோருக்கும் மன்றாட்டம்,
பிரெஞ்சு மொழியில்.
அவளுக்குப் பிரெஞ்சில் ஒரு சொல்லும் தெரிந்திராது.
எவனோ ஓர் எழுதுவினைஞன்
காதால் அவள் பாஷையைக் கேட்டு
கையால் அரசனுடையதை எழுதியிருக்கிறான்.

எருதுகளுக்குப் பேர் இருந்திருக்கும்.
சொல்லியிருப்பாள். ஒன்று இடப்பக்கம் இழுக்கும்,
மற்றது இடிச்சத்தத்துக்கு மூத்திரம் பெய்துவிடும்,
புருசன் செத்த கிழமை இரண்டும் புல்லைத் தொடவில்லை.
அவன் எழுதினான்:
எருது இரண்டு. பெறுமதி இருபது சில்லிங்.
ஆட்டுத்தோலில் இடம் குறைவு.
அவன் பேர் எங்கும் இல்லை.
ஆனாலும் எனக்கு அவனைத் தெரியும்.
நானும் அந்த இடத்தில்தான் வெட்டுவேன்.

பதில் எப்போதும் பின்பக்கத்தில்.
சிலதில்: அரசர் யோசிப்பார்.
சிலதில்: பொதுச் சட்டத்தை நாடுக.
சிலதில் ஒன்றுமே இல்லை.
கிழிந்த இடங்களில் பதிப்பித்தவர்கள் புள்ளி வைத்தார்கள்,
இட்டுக்கட்டி நிரப்பவில்லை. அதற்காக அவர்களைப் பிடிக்கும்.
ஆக்னெஸுக்குப் பதினேழு புள்ளி.

செவ்வாய்க்கிழமை அருந்தவமலர் வந்தார்.
மயிலிட்டி. நாலு பரப்பும் ஒரு கிணறும்
முட்கம்பிக்கு உள்ளே.
ஐந்தாவது பெட்டிசம். நீலப் பேனை, இரண்டு பக்கம்.
"கடற்கரை எண்டாலும் எங்கட கிணத்துத் தண்ணி இனிக்கும்"
என்று ஒரு வரி.
வழக்கத்தில் விட்டுவிடுவேன்.
அன்று விடவில்லை.
கடல் பக்கத்திலிருந்தும் உவராத தண்ணீரை
அடுத்த மொழிக்குச் சிந்தாமல் கொண்டுபோக
மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்கச் செலவானது.
மேலதிகாரி சிவப்பால் கீறினார்.
ஓரத்தில்: தேவையற்றது.

மூன்று மாதம் கழித்துப் பதில்:
உரிய திணைக்களத்தை நாடவும்.
ஒரு வரி. தமிழாக்க அரை நிமிடம் போதும்.
தாளைத் திருப்பிப் பார்த்தேன், பழக்கதோசத்தில்.
தேத்தண்ணிக் கோப்பை வைத்த வட்டம்.

விறாந்தையில் வைத்து அவரிடம் கொடுத்தபோது
ஏனென்று தெரியாமல் ஆக்னெஸைப் பற்றிச் சொன்னேன்.
எருதை, இருபது சில்லிங்கை, எலியை.
கடிதத்தை நாலாய் மடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.
"பிறகு? மாடு கிடைச்சதோ?"
தெரியாது அக்கா.
"பின்பக்கம் வடிவாப் பாத்தனீங்களோ?"

அது அச்சுப் புத்தகம், பின்பக்கம் என்று
தனியாய் ஒன்று இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.
சொல்லவில்லை.
அவர் 769 பஸ்ஸுக்கு ஓடினார்.

இரவு இரண்டாம் பாகத்தின் நாரை அவிழ்த்து
அந்தப் பக்கத்தைப் பிரித்தேன். பதினேழு புள்ளி.
திருப்பினேன்.
வேறு யாரோ தொடங்கியிருந்தார்கள்:
ஆற்றுப் பாலம் இடிந்துவிட்டது,
மாரிக்கு முன் கட்டித் தரவேண்டும்,
ஊரார் எல்லோரும்