நீர்க்கணக்கு

சோபகிருது வருஷம், ஆனி பத்து.
கூடலூர்க் கரையில் எல்லாரும் பீரங்கியை எண்ணினார்கள்.
நான் பீப்பாயை எண்ணினேன்.

கெடிலத்து மணலில் ஊற்றுத் தோண்டி
துணியில் வடித்து, மரப்பீப்பாயில் அடைத்து,
மசுலாப் படகில் அலை தாண்டிப்
பிராஞ்சுக் கப்பல்களுக்கு அனுப்புவது என் ஒப்பந்தம்.
பீப்பாய்க்குச் சமாதான விலை ஒரு பணம்,
சண்டை விலை இரண்டு.

கப்பற்படை என்றால் என்ன என்று ஊரில் கேளுங்கள்,
பாய்மரம் என்பார்கள், வெடிமருந்து என்பார்கள்.
நான் அறிந்த கப்பற்படை
தண்ணீர்மேல் நின்றுகொண்டு தண்ணீர் கேட்கும் ஊர்.
ஒரு கப்பலுக்குள் ஐந்நூறு வாய்.
எலுமிச்சை கேட்பார்கள்; இல்லையென்றால் புளியாவது.
ஈறு கறுத்த ஒருவன்
தன் பல்லைத் தானே பிடுங்கி
பாக்கி கேட்பவன்போல் என்னிடம் நீட்டியிருக்கிறான்.

அதன் வேலை பெரிதாக ஒன்றுமில்லை.
நிற்பது.
தெற்கே கூடாரமடித்த இங்கிலீஷ் பட்டாளத்துக்கு
அரிசி கடல்வழியாக வந்தாகவேண்டும்.
கடலில் எவன் நிற்கிறானோ
அவன் ஆளுக்குத்தான் கரையில் சோறு.

கப்பலில் ஆள் போதவில்லையென்று
கோட்டைச் சிப்பாய்களைக் கடன் வாங்கினார்கள்.
கடன் என்றுதான் துபாசி திருவேங்கடம் சொன்னான்.
அதில் ஒருவன் என் மைத்துனன் சவரிமுத்து.
தறிக்காரன் மகன். கெடிலத்தில்கூட
முழங்காலுக்குமேல் இறங்காதவன்.
என் பீப்பாய்கள்மேல் உட்கார்ந்துதான் போனான்.
மூன்றாம் அலை தூக்கியபோது
தண்டல் பாவாடையின் இடுப்புக்கச்சையைப்
பிடித்துக்கொண்டானாம், விடவேயில்லையாம்.
கரை திரும்பிய பாவாடை
அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

பொழுது சாய ஆறு நாழிகை இருக்கையில் வெடித்தது.
தேவனாம்பட்டினத்து இடிந்த கோட்டை மேட்டில்
தேர் பார்ப்பதுபோல் ஊரே நின்றது.
ஒருத்தி பொரி விற்றாள்.
புகைக்குள் முதலில் மின்னும்,
மூச்சை விட்டு, இன்னொன்றை இழுத்து,
அதையும் பாதி விட்டபிறகு
நெஞ்சில் வந்து இடிக்கும்.
தரையில் குண்டு விழுந்தால் பள்ளமாவது மிஞ்சும்.
கடல் அடுத்த அலையிலேயே நிரவிவிடுகிறது.
இருட்டியதும் நின்றுவிட்டது.
இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்
ஒரு கப்பல்கூட முழுகவில்லை.

இங்கிலீஷ் கப்பல்கள் சென்னப்பட்டணம் பார்த்துத் திரும்பின.
ஜெயம் என்று இங்கே மணியடித்தார்கள்.
எனக்குத் தெரியும்,
அவர்களுக்குப் பீப்பாய் காலி.

ஒன்பதாம் நாள்
வெள்ளைக்கொடி கட்டிய சின்னக் கப்பல் ஒன்று வந்தது.
சீமையில் தை மாதமே
ராஜாக்கள் கையெழுத்து வைத்தாயிற்றாம்.
காகிதம் கடலைச் சுற்றி வருவதற்கு
ஐந்து மாதம் பிடித்ததாம்.
தையில் முடிந்த சண்டையைத்தான்
ஆனியில், பொரி தின்றபடி, பார்த்திருக்கிறோம்.

திருவேங்கடம் என் ஓலைக்கட்டை வாங்கினான்.
தை பத்திலிருந்து எல்லா வரியையும்
சமாதான விலைக்குத் திருத்தினான்.
சண்டையே இல்லாத நாளில்
சண்டை விலை ஏதய்யா என்றான்.
நியாயம்தான் என்றேன்.
முந்நூற்றுப் பதினெட்டுப் பணம் போயிற்று.
நான் கேட்டது ஒன்றே ஒன்று:
சவரிமுத்து பெயருக்கு நேரே என்ன எழுதட்டும்?

எழுத்தாணியைக் கட்டைவிரல் நகத்தில்
வெகுநேரம் தேய்த்துக்கொண்டிருந்தான்.
வாசலில் பாவாடை நின்றான்,
இடுப்பில் கச்சை இல்லாமல்.
"கப்பலில் தவறினான் என்று எழுது" என்றான் துபாசி.
"எப்படிப் படித்தாலும் சரியாக இருக்கும்."

எழுதினேன்.

மறுநாள் வெள்ளைக்கொடிக் கப்பலும் தண்ணீர் கேட்டது.
இருபது பீப்பாய், ஒரு பணம் விலை, அதே ஊற்று.
வடிதுணியின் மறுமுனையைப் பிடிக்க
அருளாயி அன்று வரவில்லை.
அண்ணன் சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்தாள்,
துவைத்ததையே திரும்பத் திரும்ப.
நான் ஒருவனே பிடித்தேன்.
கொஞ்சம் மணல் போயிருக்கும்.