சுட்டுப்பெயர்

பிரேமன் நகரக் குடும்ப நீதிமன்றம், மூன்றாம் மாடி.
நான் எஸ்தோனிய மொழிபெயர்ப்பாளர்.
மணிக்கணக்கில் கூலி,
மௌனத்துக்கும் சேர்த்து.

தார்த்துவிலிருந்து பஸ்ஸும் கப்பலுமாக
வந்து சேர்ந்தவள் மாரிக்கா.
இங்கே முதியோர் இல்லத்தில் இரவுப் பணி.
கொண்டுவந்தது ஒரு பெட்டி, ஒரு மகன்.
பெட்டியை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

நல்ல தாயா, நல்ல தகப்பனா,
சட்டம் விசாரிப்பதில்லை.
பையன் எந்த ஊர்க்காரன், அவ்வளவுதான்.
அதற்குச் சாட்சிகள்:
நீச்சல் வகுப்பு ரசீது,
தடுப்பூசி அட்டை,
தார்த்து நூலகத்துக்கு இன்னும் திரும்பாத
திமிங்கலப் புத்தகம்.
அதற்கு அபராதம் ஏறிக்கொண்டிருப்பதையும்
தாவெத்தின் வக்கீல் கோப்பில் சேர்த்திருந்தார்.
ஆறு வாரத்துக்குள் தீர்ப்பு வேண்டுமாம்.
அதற்குள் உக்குவுக்கு ஒரு பல் ஆடத் தொடங்கியிருந்தது.

அவனைத் தனியே அழைத்தார் நீதிபதி.
கறுப்பு அங்கியைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டுத்
தரையில் அமர்ந்தார்; முழங்கால் சொடுக்கியது.
"ராத்திரி தூக்கம் வருதா?"
நாக்கால் பல்லைத் தள்ளியபடி சொன்னான்:
"அவங்க அழுவாங்க."

எங்கள் மொழியில் அவனுக்கும் அவளுக்கும் ஒரே சொல்.
ஜெர்மன் அப்படி விடாது.
ஆணா பெண்ணா என்று சொல்லாமல்
அந்த வாக்கியம் வாசலைத் தாண்ட முடியாது.
எழுத்தரின் விரல்கள் காத்திருந்தன.
அம்மா என்றால் ஒரு பக்கம் சாயும்,
அப்பா என்றால் மறுபக்கம்.
இருபது வருஷத் தொழிலில்
இத்தனை சின்னச் சொல்
இப்படிக் கனத்ததில்லை.

"யார்னு கேளுங்க," என்றார் நீதிபதி.
கேட்டேன்.
மடச்சியைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.
"நான் யார்கிட்ட இல்லையோ, அவங்க."

கூட்டாமல் குறைக்காமல் பெயர்த்தேன்.
எழுத்தர் கொஞ்ச நேரம் தட்டவே இல்லை.

தீர்ப்பு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை, பதினாறு பக்கம்.
குழந்தை திரும்ப வேண்டும்.
அந்தத் 'திரும்ப'வை
மாரிக்காவின் காதில் முணுமுணுத்தது நான்தான்.
இனி என்றைக்கும் அவளுக்கு அது
என் குரலில்தான் கேட்கும்.

தாழ்வாரத்தில்,
தாவெத் கொண்டுவந்த பூட்ஸ்
ஒரு அளவு சிறிது.
போன குளிர்காலத்துப் பாதத்துக்கு வாங்கியது.
அவன் மண்டியிட்டு அழுத்திக்கொண்டிருந்தான்.
மாரிக்கா குனிந்தாள்,
ஒன்றும் பேசாமல்
நாடாவைக் கடைசித் துளைவரை தளர்த்திக் கொடுத்தாள்.

கூலிச் சீட்டில் எழுதினேன்:
மூன்று மணி, நாற்பது நிமிடம்.
வண்டி நிறுத்தியதற்கு ஏழு யூரோ.